சன்னாசி எடுத்த சொடுக்கு

ரப்பர் தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது வேலையிழந்த சன்னாசி, ஈப்போவுக்கு வந்து முடிதிருத்தும் கடை வைத்தான். கடைக்கு ஆள் சேர்த்தது அவன் எடுக்கும் சொடுக்கு. முடி வெட்டியதும் தலையை இரு கையாலும் பிடித்து வெடுக்கென்று திருப்புவான்; கழுத்தெலும்பு சடசடக்கும். அவனோடு தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒரே லயத்தில் வளர்ந்த லோரி டிரைவர் அப்பாவு, அதற்காகவே மாதம் தவறாமல் வருவான்.

1983இல் ஒரு சனிக்கிழமை, சொடுக்கு எடுத்ததும் அப்பாவு பிடரியைத் தடவிக்கொண்டே போனான். வலி விடவில்லை. மூன்றாம் நாள் காலை எழுந்தவன் இடப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தான். ஓயாத வாந்தி, குரல் கம்மிப்போனது, எச்சில்கூட இறங்கவில்லை. குடித்திருக்கிறான் என்றார்கள் பக்கத்து வீட்டார். மனைவி வீரம்மாதான் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

கோலாலம்பூருக்கு அனுப்பிப் படம் எடுத்த பிறகே விஷயம் தெரிந்தது. கழுத்தெலும்பு வழியாக ஏறி மூளைத்தண்டுக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் கட்டியிருக்கிறது என்றார் டாக்டர் விஸ்வலிங்கம். ரத்தம் மேலும் உறையாமல் ஊசியும் மாத்திரையும் கொடுத்து, கிழிசல் தானாக ஆறக் காத்திருக்க வேண்டியதுதான். ரத்தம் போகாமல் மூளையில் செத்த இடம் மீளாது. பிறகு, "ஆரும் கழுத்தைத் திருப்பினவையோ?" என்று தம் யாழ்ப்பாணத் தமிழில் கேட்டார்.

அதைக் கேள்விப்பட்ட சன்னாசி அன்றே பஸ் ஏறினான். அப்பாவு மூக்கில் குழாயோடு கிடந்தான். சன்னாசி வெளியே வந்து வீரம்மாவிடம் சொன்னான்.

"நாந்தான் தங்கச்சி பண்ணேன். போலீஸ்ல சொல்றதுன்னா சொல்லிடு."

வீரம்மா வேண்டாமென்று தலையசைத்தாள். "சொல்லி என்னாவப் போவுது? அவரத் தூக்கி உக்கார வைக்க எனக்கு ஆள் வேணும். நீங்க வாங்கண்ணே."

கிழிசல் ஆறியது, அப்பாவு ஆறவில்லை. குழாயை எடுத்து ஈப்போ வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் கஞ்சி அடிக்கடி புரையேறியது. வலது கைக்குச் சூடு தெரியாமல், கொதிக்கும் மைலோ பானத்தில் விரல்கள் வெந்தன. வீரம்மா கூலி வேலைக்குப் போனாள். சன்னாசி தினமும் கடை திறக்கும் முன் வந்து குளிப்பாட்டினான், நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டினான். ஒருநாள் அப்பாவு, இன்னொரு தடவை சொடுக்கினால் சரியாகிவிடுமா என்று கேட்டான். சன்னாசி கிண்ணத்தை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

கடையில் சொடுக்கு கேட்டவர்களை மறுத்தான். சிலர் வேறு கடைக்கு மாறினார்கள்.

அவன் விழுந்த எட்டாம் மாதம் கஞ்சி நுரையீரலுக்குள் இறங்கிக் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் அப்பாவு இறந்தான். அந்தக் கஞ்சியைச் சன்னாசி வரும் முன் ஊட்டியவள் வீரம்மா.

"வேலைக்கு நேரமாச்சுன்னு அவசரப்பட்டுட்டேண்ணே," என்றாள்.

சன்னாசி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.