மூன்று ரேஸ் கார்களும் என் இடுப்பும்

இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நேராக உட்கார முடியவில்லை. கையெழுத்து கோணலாக இருந்தால் அச்சுக் கோப்பவர் மன்னிக்க வேண்டும். வாசகர்கள் மன்னிக்க வேண்டாம். நீங்கள் எப்படியும் கடிதம் போட்டுத் திட்டத்தான் போகிறீர்கள்... பழகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று ஸ்போர்ட்ஸ் கார்களில் சுற்றினேன். நான்தான். தேனியிலிருந்து கம்பத்துக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிற அதே ஆள்.

எங்கே சுற்றினேன்? காமயகவுண்டன்பட்டிப் பக்கம், ஒரு காய்ந்த கண்மாய்க்குள். சிரிக்காதீர்கள். கோடையில் தண்ணீர் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ரோடு போடுகிற உருளை எஞ்சினைக் கொண்டுவந்து அதன்மேல் ஓட்டி, வட்டமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டு, வளைவுகளில் தார் டின்களை நிறுத்தி வைத்திருந்தார் ஒரு முதலாளி. மலையில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர். பெயர் வேண்டாம். பணம் இருக்கிறது, கண்மாய் காய்ந்திருக்கிறது. யார் கேட்பது?

மெட்ராஸில் நடக்கிற கார் ரேஸில் தன் காரும் ஓட வேண்டும் என்பது அவருடைய ஆசை. தானே ஓட்டலாம் என்றால், உட்கார்ந்தவுடன் தொப்பை ஸ்டியரிங்கை அடைத்துக்கொள்கிறது. அதனால் ஓட்டுவதற்கு ஆள் தேடினார். சேசுராஜ் கண்ணில் பட்டான்.

சேசுராஜ் என் மனைவியின் தம்பி. கூடலூரிலிருந்து குமுளிக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறான். வண்டி சொந்தம் இல்லை. டிரைவர் சீட்டிலேயே இன்னும் இரண்டு பேரை உட்காரவைத்து, தன் உடம்பில் பாதியை வெளியே தொங்கவிட்டபடி மலை ஏறுவான். அப்படி ஓட்டி ஓட்டி ஒரு தோள் கீழே இறங்கிவிட்டது. சட்டை போட்டால் கோணலாகத் தெரியும். பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டிலும் அந்தத் தோளைத்தான் முதலில் பார்த்தார்கள்.

முதலாளி அவனிடம் சொன்னது இதுதான். மூன்று காரையும் ஓட்டிக் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் மெட்ராஸில் தங்க இடம், மாதச் சம்பளம், ரேஸ் ஓட்டுகிற ஆள் என்று ஒரு பெயர்.

என் மனைவி அந்த வாரம் முழுக்க மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றினாள். என்னிடம் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள்.

"மொதலாளிகிட்ட வாயத் தொறக்காதீக. நீங்க பேசுனா வார வேலையும் வராது."

நான் எதற்குப் போனேன் என்று கேட்கிறீர்களா? முதலாளிக்கு இது பத்திரிகையில் வர வேண்டுமாம். "வெளிய நின்னு பாத்துட்டு எழுதக்கூடாது. ஒவ்வொண்ணுலயும் உள்ள உக்காந்து, எது எப்படின்னு ஒப்பிட்டு எழுதணும்" என்றார்.

ஒப்பிடுகிறேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கார் சிவப்பு. ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுச் சென்றது. இரண்டே சீட், மேலே கூரை கிடையாது. எஞ்சின் சூடு தகரத்தைத் தாண்டி என் பாதத்துக்கு வந்தது. தரையில் இருந்த ஒவ்வொரு வெடிப்பையும் முதுகெலும்பில் எண்ணிக்கொள்ளலாம். வளைவில் பின்பக்கம் தனியாக எங்கேயோ போகப் பார்த்தது. சேசுராஜ் அதை இழுத்துப் பிடித்துக் கொண்டுவந்தான். உண்மையில் பெரிய வேகம் இல்லை. ஆனால் முகத்தில் காற்றும் புழுதியும் அறைகிறபோது நூறு மைலில் பறப்பதுபோல ஒரு பிரமை. பயத்துக்கும் வேகத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்கு இந்தக் கார் பிடிக்கும்.

இந்தக் காரில் ஹாரன் உண்டு. சேசுராஜ் ஒவ்வொரு வளைவிலும் அடித்தான். கரைமேல் தொப்பி போட்டு, கையில் ஸ்டாப் வாட்சோடு உட்கார்ந்திருந்த முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

"எதுக்குய்யா அடிக்கிற? எதுத்தாப்புல யாரு வாராக?"

"மலைப்பழக்கம், மொதலாளி."

இரண்டாவது, நம் ஊர்களில் டாக்ஸியாக ஓடுகிற சாதாரணக் கார். சீட்டு, கதவுத் துணி எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்து, கோயம்புத்தூர்ப் பட்டறையில் எஞ்சினை நோண்டி வேகப்படுத்தியது. எனக்கு உட்கார ஒரு மரப்பலகை. சத்தமோ சத்தம். சத்தத்தில் பாதி அளவுக்காவது வேகம் இருந்திருக்கலாம். வளைவில் உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது, பிரேக்கை இங்கன மிதித்தால் அங்கன போய்த்தான் பிடிக்கிறது. ஆனாலும் இதில் ஒரு யோக்கியம் இருந்தது. என்ன செய்யப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. மனிதர்களில்கூட அப்படிப்பட்டவர்கள் குறைவு.

மூன்றாவதுதான் முதலாளியின் செல்லம். வெள்ளை நிறம். டெல்லியில் யாரோ வெளிநாட்டுக்காரரிடம் வாங்கியதாம். எஞ்சின் பின்னால் இருக்கிறது. பாயில் உட்காருவதுபோலக் கீழே இறங்கி உட்கார வேண்டும். என் இடுப்பு அங்கேதான் போனது.

அதன் ஓட்டத்தைப் பற்றி மட்டும் பொய் சொல்ல மாட்டேன். ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் யாரோ நெஞ்சில் கை வைத்துப் பின்னால் தள்ளியதுபோல இருந்தது. சத்தம் நமக்குப் பின்னாலேயே தங்கிவிடுகிறது. வளைவில் ஆணி அடித்ததுபோல நிற்கிறது. ஸ்டியரிங்கில் விரலை அசைத்தால் போதும். சேசுராஜின் முகத்தைப் பார்த்தேன். அவனுடைய இரண்டு தோளும் சமமாக இருந்தன. அன்றைக்குத்தான் ஒரு சீட்டில் முழுசாக உட்கார்ந்து ஓட்டுகிறான் அல்லவா?

ஒரு சுற்று. இரண்டு சுற்று. கரையைக் கடக்கிறபோது முதலாளி எழுந்து நின்று கைதட்டுவது தெரிந்தது. வேலை கிடைத்துவிட்டது என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

மூன்றாவது சுற்றில், கரைக்கு எதிர்ப்பக்க வளைவில், கார் நின்றுவிட்டது.

கெட்டுப்போய் நிற்கவில்லை. சேசுராஜ் பிரேக்கை மிதித்து நிறுத்தியிருந்தான். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு பிரேக்கை நான் பார்த்ததில்லை. என் கண்ணாடி மூக்கை விட்டுப் பறந்து முன்னால் விழுந்தது.

புழுதி அடங்கியது. சுண்ணாம்புக் கோட்டின்மேல் ஒரு அம்மா நின்றிருந்தார். ஒரு கையில் மஞ்சள் பை. கக்கத்தில் ஒரு கோழி. இன்னொரு கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"காலையிலருந்து சுத்திச் சுத்தி வாரீக, கை காட்டுனா ஒருத்தரும் நிப்பாட்டக் காணோம்" என்றார் அவர். "குறுக்க நடந்து போவோம்னா அடிச்சுப்புடுவீகளோன்னு பயம். கம்பத்துல தங்கச்சி பிள்ள பெத்துக் கெடக்கா. பஸ்சுக்கு அந்தக் கரைக்குப் போகணும்."

அவருடைய வழியே கண்மாய்க்குள்தான். அதன்மேல்தான் எங்கள் வட்டம்.

சேசுராஜ் எட்டி என் பக்கத்துக் கதவைத் திறந்தான். பிறகு, வருடக்கணக்காகக் குமுளி ரோட்டில் சொன்ன அதே குரலில் என்னிடம் சொன்னான்.

"மச்சான், கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

எங்கே தள்ளுவது? இரண்டே சீட். நடுவில் ஹேண்ட் பிரேக். அதன்மேல்தான் உட்கார்ந்தேன். கோழி என் மடிக்கு வந்தது. சேசுராஜ் வழக்கம்போல வெளியே சாய்ந்துகொண்டான். தோள் மறுபடியும் இறங்கியது. வெள்ளைக் கார் ஜீப் வேகத்தில், மூன்று பேரையும் ஒரு கோழியையும் சுமந்துகொண்டு, கரையை நோக்கி ஊர்ந்தது.

முதலாளி ஸ்டாப் வாட்சைப் பிடித்தபடியே நின்றிருந்தார். அது ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா இறங்கினார். கோழியை வாங்கிக்கொண்டார். தொப்பியும் கையில் கடிகாரமுமாக நின்றவரைப் பார்த்துவிட்டு, சேலை முந்தி முடிச்சை அவிழ்த்தபடி கேட்டார்.

"கண்டக்டரய்யா, டிக்கெட்டு எம்புட்டு?"

நான் சிரிக்கவில்லை. மனைவி சொன்னது ஞாபகம் இருந்தது.

முதலாளி ஸ்டாப் வாட்சை நிறுத்தினார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "தம்பி, நீ ஜீப்பே ஓட்டு" என்றார். அவ்வளவுதான். சேசுராஜ் "சரிங்க மொதலாளி" என்று சாவியை அவர் கையில் கொடுத்தான்.

கரைமேல் பஸ் நிறுத்தத்தில் மூன்று பேரும் வெயிலில் நின்றோம். எனக்கு இடுப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். அவனைத் திட்டுவதா, முதலாளியைத் திட்டுவதா, கோழியைத் திட்டுவதா?

"ஏலே, ஒரே ஒரு சுத்து. அத முடிச்சிட்டு வந்து அந்தம்மாவ ஏத்தியிருக்கலாம்ல?"

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மொத ரெண்டு சுத்துலயும் பாத்தேன், மச்சான். பாக்காத மாதிரி போயிட்டேன். மூணாவது தடவ கால் கேக்கல."

கையைக் கண்டால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறவனை ரேஸில் விட்டால் என்ன ஆகும்? முதலாளி செய்ததும் சரிதான். அதுதான் எனக்கு ஆத்திரமே. யார்மேலும் குற்றம் சொல்ல முடியாத ஆத்திரம் மனிதனை ரொம்பக் களைப்படைய வைக்கிறது.

டவுன் பஸ் வந்தது. மூன்று பேரும் கை காட்டினோம்.

நிற்காமல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தவுடன் மனைவி சேசுராஜின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க என்ன சொன்னீக மொதலாளிகிட்ட?"

"நான் வாயே தொறக்கலடி."

நம்பவில்லை. தைலத்தை நானேதான் தேய்த்துக்கொள்கிறேன். முதுகில் கை எட்டாத இடம் ஒன்று இருக்கிறது... அதை விட்டுவிடுகிறேன். திங்கட்கிழமை விடிந்ததும் சேசுராஜ் ஜீப்புக்குப் போய்விட்டான்.

நேற்று முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். ஒப்பிட்டு எழுதியாகிவிட்டதா, எந்தக் கார் உசத்தி என்று கேட்டுவரச் சொன்னாராம்.

எழுதிவிட்டேன், முதலாளி. மூன்றாவதுதான் உசத்தி. கையைக் காட்டினால் நிற்கிறது.