கெக்கேபிக்கேயும் நிரம்பாத தொட்டியும்

என் வீட்டுக்காரி அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். பள்ளிக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். எங்கள் இருவரில் மூளை யாருக்கு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், வயிற்றெரிச்சலாக இருக்கும்.

வருடா வருடம் ஒரு கெட்டிக்காரப் பிள்ளையைக் கண்டுபிடித்து, கல்வி அலுவலகம் நடத்தும் சனிக்கிழமைச் சிறப்பு வகுப்புக்கு அனுப்ப வேண்டும். பள்ளிக்கு ஓர் இடம்தான். மற்ற டீச்சர்கள் யாரைச் சொல்வார்கள்? கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது, அப்படி ஒரு பிள்ளையை. அதுவும் பாவம், போன வேகத்தில் திரும்பி வந்துவிடும். இரண்டு வருடம் இப்படியே ஆனதில் அதிகாரியம்மாவுக்குக் கோபம். இந்த முறையும் சொதப்பினால் இடத்தை வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

"அதெல்லாம் நல்ல பிள்ளைங்கங்க. நான் தேடுறது கெட்டிக்காரப் பிள்ளைய. ரெண்டும் வேற வேற" என்பாள் இவள்.

இவளுடைய முறையே தனி. வகுப்பில் ஒரு வேடிக்கைக் கதை சொல்வாள். முடிக்கும் முன்பே யார் சிரிக்கிறார்கள் என்று கண்ணை உருட்டிப் பார்ப்பாள். அந்தக் கதையை முந்தின நாளே சாப்பாட்டு மேசையில் என்னிடம் சொல்லிப் பார்த்துவிடுவாள். நான் சிரித்துவிட்டால் அந்தக் கதை குப்பைக்கு. "உங்களுக்கே புரிஞ்சா எல்லாருக்கும் புரிஞ்சிடும்!" கட்டிய புருஷனுக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை இவ்வளவுதான்.

அன்றைக்குச் சொன்ன கதை இது. ஒருத்தர் கண்ணாடியைத் தொலைத்துவிட்டார். தேடாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "கண்ணாடி இல்லாம கண்ணு தெரியல, கிடைச்சதும் தேடிக்கிறேன்" என்றாராம்.

"நியாயம்தானே? கண்ணு தெரியாம எப்படித் தேடுவார்?" என்றேன்.

இவளுக்கு ஒரே குஷி. "பிரமாதம்! நாளைக்கு இதுதான்!"

மறுநாள் வகுப்பில் "கண்ணாடி இல்லாம கண்ணு தெரியல" என்று இவள் சொல்லி வாய் மூடவில்லை, கடைசி பெஞ்சில் ஒரு வெடி. கெக்கேபிக்கே! அது அந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடமே வைத்த பெயர். காரணமில்லாமல் சிரிக்கிறாள் என்று கணக்கு வாத்தியார் தினமும் அவளை வராந்தாவில் நிறுத்துவார். என் கடையிலிருந்து பார்த்தால் தெரியும், தூணோடு தூணாக நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கும்.

சிறப்பு வகுப்புக்கு இவள் அந்தப் பெண்ணின் பெயரைக் கொடுத்ததும் தலைமையாசிரியர் துள்ளிக் குதித்தார். "டீச்சர், விளையாடுறீங்களா? அவ கணக்குல பாஸ் மார்க்கே வாங்கல!"

"கணக்கு பீரியட்ல அவ வகுப்புக்குள்ள இருந்தாத்தானே சார் வாங்குவா? இங்கேயே அஞ்சு வருஷம் வெளிய நின்னுட்டா. அடுத்த வருஷம் பெரிய பள்ளிக்கூடத்துல அவளை யாரு சார் உள்ள கூப்பிடப்போறா?"

அவர் முனகிக்கொண்டே பெயரை எழுதிக்கொண்டார். ஆனால் அந்தப் பெண்ணின் அம்மாவை யார் சமாளிப்பது? ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல் வேலை. பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தாலே புகார்தான் என்று நொந்து போயிருந்த மனுஷி. அதிகாரியம்மா பள்ளிக்கே வந்து நடத்திய நேர்காணல் அன்று மகளின் தலையை வழித்து வாரிக் கூட்டி வந்து, வாசலிலேயே மிரட்டினாள். "பல்லைக் காட்டினே, தொலைச்சிடுவேன். சிரிக்கவே கூடாது, தெரியுதா?"

எதிரே கடையில் இருந்த எனக்கே அது கேட்டது. சிரிக்காவிட்டால் அந்தப் பிள்ளை ஏது?

பயந்தபடியேதான் நடந்தது. நானும் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, இவளோடு ஜன்னலோரம் நின்றேன். உள்ளே அதிகாரியம்மா கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். இது பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. வாய் திறந்தால் சிரிப்பு வந்துவிடும் என்று பதிலும் சொல்லவில்லை. இவள் என் கையைக் கிள்ளியே புண்ணாக்கினாள்.

"கடைசிக் கேள்வி" என்றார் அதிகாரியம்மா, அலுப்போடு. "ஒரு குழாய் தொட்டிய ஆறு மணி நேரத்துல நிரப்பும். இன்னொரு குழாய் நாலு மணி நேரத்துல காலி பண்ணும். காலித் தொட்டியில ரெண்டையும் திறந்துவிட்டா, எப்போ நிரம்பும்?"

"கன்னம் உப்புதுங்க!" என்று இவள் கிசுகிசுத்தாள். "முகம் சிவக்குது!" என்ன ஆகிறது என்று எட்டிப் பார்த்தேன், எல்லாம் மங்கல். என் கண்ணாடியைக் காணோம். ஓடிவந்த அவசரத்தில் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. கண்ணாடி இருந்தாலாவது தேடலாம் என்று நினைத்தேன்.

அட, கடவுளே! அப்போதுதான் எனக்கு அந்தக் கதை புரிந்தது!

அடக்க முடியவில்லை. ஜன்னல் அதிரச் சிரித்துவிட்டேன். இவள் என் வாயைப் பொத்துவதற்குள் உள்ளேயும் அணை உடைந்துவிட்டது. கெக்கேபிக்கே, கெக்கேபிக்கே! நாற்காலியே ஆடியது.

"என்ன சிரிப்பு இது?" அதிகாரியம்மா மேசையைத் தட்டினார்.

"மேடம்... நிரப்புறதைவிட வேகமா காலியாகுதே மேடம்! எப்படி நிரம்பும்? நாம எல்லாரும் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து வந்தாலும் சொட்டுத் தண்ணி நிக்காது!" கண்ணைத் துடைத்துக்கொண்டது. "மாத்திப் படிச்சுட்டீங்க போல. நாலுல நிரம்பி ஆறுல காலியானா பன்னிரண்டு மணி நேரம். ஆனா ஒரு குழாய மூடிட்டா வேலை சுலபமா முடியுமே மேடம், யாரு அது ரெண்டையும் திறந்துவிட்டது?"

அதிகாரியம்மா கையிலிருந்த தாளைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். அப்புறம் அவரும் சிரித்தார் பாருங்கள், கூட வந்திருந்த அலுவலர்கள் இருவரும் மிரண்டுவிட்டார்கள்.

அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். மறுபடியும் புகார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டே வந்தாள். "உங்க பொண்ணுக்குத்தாம்மா இடம்" என்று அதிகாரியம்மா சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. விளக்கத் தொடங்கினார். "நான் கேள்விய மாத்திப் படிச்சுட்டேன். ஆறு மணி நேரத்துல நிரம்புற தொட்டிய நாலு மணி நேரத்துல காலி பண்ணிக்கிட்டே..."

அவர் முடிக்கவில்லை. அம்மாவிடமிருந்து வெடித்தது. அதே சிரிப்பு! கெக்கேபிக்கே! முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. மகள் அம்மாவை அதிசயமாகப் பார்த்தது, வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லை போல.

ஜன்னலோரம் நான் கைதட்டாத குறை. திரும்பிப் பார்த்தால் இவள் கண்ணில் தண்ணீர்.

"என்னடி, ஜெயிச்சாச்சு, அழுவுற?"

"அந்தம்மாவைப் பாருங்க" என்றாள். "முடிக்கிறதுக்குள்ள சிரிச்சாங்க."

இது மட்டும் எனக்கு உடனே புரிந்தது.