கண் வங்கியில் டாக்டரம்மா

பதினோராம் வகுப்பில் உயிரியல் பிரிவு கிடைத்த அன்றே தெருவில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. வைத்தவர் அவள் அப்பா. தன் வெல்டிங் பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம், "பொண்ணு டாக்டருக்குப் படிக்குது" என்றார். எதிர்வீட்டுக்காரர் முழங்கால் வலியைக் காட்ட வந்து நின்றார். அவள் அப்போதுதான் செல்லின் பாகங்களைப் படித்துக்கொண்டிருந்தாள்.

பாடம் அவளுக்கு உண்மையிலேயே பிடித்தது. ஆய்வகத்தில் ஆட்டுக் கண்ணை அறுத்துக் காட்டியபோது பாதி வகுப்பு மூக்கைப் பொத்திக்கொண்டது. அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல் ஒரு படலம். அதுதான் கருவிழி, அதில் ரத்தக் குழாயே கிடையாது, காற்றிலிருந்தே மூச்சு வாங்கிக்கொள்கிறது என்றார் ஆசிரியை. வேறு எந்தப் பாடமும் அவள் மனதில் அப்படி ஒட்டவில்லை.

மருத்துவ நுழைவுத் தேர்வு இரண்டு முறையும் காலை வாரிவிட்டது. அப்பா மறுபடி எழுதச் சொன்னார். அவள் ஒரு கண் மருத்துவமனை நடத்திய படிப்பில் சேர்ந்து, அங்கேயே கண் வங்கியில் வேலைக்குச் சேர்ந்தாள். இறந்தவர்களின் வீட்டுக்குப் போய், குடும்பத்தார் சம்மதித்தால் கருவிழிகளை எடுத்து வர வேண்டும். வீட்டில் ஆஸ்பத்திரி வேலை என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

ஒருநாள் பட்டறை வாடிக்கையாளர் ஒருவர் இறந்த வீட்டில், கையுறையோடு நின்ற அவளை அப்பா பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்துதான் வெடித்தார்.

"இதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்? செத்தவங்ககிட்ட என்னடி வேலை?"

"உயிரோட இருக்கறவங்களுக்குத்தாம்பா இந்த வேலையே."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சில மாதங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு காலையில், ஸ்கூட்டரின் பின்னால் ஐஸ் பெட்டியை அவள் கயிற்றால் கட்டுவதைப் பார்த்து நின்றார்.

"இப்படிக் கட்டினா மேட்டுல ஏறும்போது விழாதா?"

"இதுவரைக்கும் விழலப்பா."

மறுநாள் வண்டியைப் பட்டறைக்கு எடுத்துப் போய், பெட்டி அளவுக்கு இரும்புச் சட்டம் ஒன்றைப் பற்றவைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார். வேலையைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அவர் இறந்தது ஒரு மதிய வேளையில். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அம்மா போன் செய்ததும் அவள் வந்துவிட்டாள். டாக்டர் பார்த்துவிட்டுப் போனார். அண்ணன் வாசலில் அழுதுகொண்டிருந்தான். அவள் மின்விசிறியை நிறுத்தினாள், அப்பாவின் இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்தாள், தலைக்கு இன்னொரு தலையணை கொடுத்தாள். கருவிழி கெடாமல் இருக்க, போனில் எல்லாக் குடும்பங்களுக்கும் அவள் சொல்லும் விஷயங்கள்தாம். கை தானாகச் செய்தது. எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வியைத் தன் அம்மாவிடம் கேட்க மட்டும் நாக்கு எழவில்லை.

நின்றுபோன விசிறியை அம்மா அண்ணாந்து பார்த்தாள்.

"உங்க ஆபீஸ்லேர்ந்து வரச் சொல்லும்மா."

அண்ணன் உள்ளே வந்தான். "அப்பா ஒருநாளும் சரின்னு சொன்னதில்லையேம்மா."

"வண்டிக்குச் சட்டம் அடிச்சுக் குடுத்தாரேடா. அந்த மனுஷன் வேற எப்படிச் சொல்லுவாரு?"

அண்ணன் தலையாட்டினான். கண் வங்கியிலிருந்து அவளுடைய சீனியர் அக்கா வந்து வேலையை முடித்தாள். இவள் அறைக்கு வெளியே நின்றாள். உள்ளே என்ன நடக்கிறது என்பது ஒலியிலேயே தெரிந்தது.

ஒரு கருவிழியில் பழைய தீப்பொறித் தழும்பு இருந்ததால் அது டாக்டர்களின் பயிற்சிக்குப் போனது. மற்றது ஒருவருக்குப் பொருத்தப்பட்டது.

"யாருக்குடி?" என்றாள் அம்மா.

"சொல்லக் கூடாதும்மா."

"ஆம்பளையா பொம்பளையான்னாவது சொல்லேன்."

"எனக்கே தெரியாதும்மா."

"நல்ல ஆபீஸ்டி உங்க ஆபீஸ்" என்று அம்மா கோபித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அடுத்த வாரம் அவள் வேலைக்குத் திரும்பினாள். முதல் அழைப்பு ஊரின் மறுகோடியிலிருந்து வந்தது. அந்த வீட்டில் கேள்வியை அவளே கேட்டாள். முடியாது என்றார்கள். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.