கணக்கு டீச்சருக்கு நான் சொன்ன பத்தியம்

வெள்ளைக் கைத்துண்டில் சுற்றிய அந்தப் பால்குப்பியை நினைத்தால் இன்றும் எனக்கு முகம் சுடுகிறது. திருவட்டாறு பக்கம் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்த பள்ளியில் மதிய மணி அடித்ததும் கணக்கு டீச்சர் நூலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கால் மணி நேரத்தில் தன் பாலைப் பிழிந்தெடுத்துக்கொண்டு வெளியே வருவாள். கேட்டுக்கு வெளியே அவள் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை அணைக்காமல் நிற்பார். வாங்கியதும் பிள்ளைக்குக் கொண்டு ஓடுவார். கொடுப்பதற்கு முன் அவள் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எந்தக் கோடுவரை இருக்கிறதென்று பார்ப்பாள். "இண்ணைக்கு மேல் கோட்டைத் தாண்டியாச்சு டீச்சர்" என்று என்னிடம் சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவள் மகளுக்கு அப்போது நான்கு மாதம்.

அந்த வருஷம் அவள் தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வடசேரியில் பட்டெல்லாம் எடுத்தாயிற்று. பழைய பிளவுஸோ முழங்கைக்கு மேல் ஏறவில்லை. ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "நீங்க மட்டும் எப்பிடி டீச்சர், பிள்ளை பெத்த கையோட இப்பிடி மெலிஞ்சிட்டிய?" அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. உண்மை என்னவென்றால், எனக்கு மூன்றாம் மாதமே பால் வற்றிவிட்டது. என் மகன் டப்பா பாலில்தான் வளர்ந்தான். நான் ராத்திரி பட்டினி கிடந்து மெலிந்தேன். ஆனால் டப்பா பால் என்று வாயைத் திறந்தால் அந்த அறையில் எத்தனை பேர் உச்சுக் கொட்டுவார்கள்! "பாலு, தயிரு, நெய் மூணையும் விட்டேன், அவ்வளவுதான். பிள்ளைக்குக் குடுத்துக்கிட்டேதான் மெலிஞ்சேன்" என்று கூசாமல் சொன்னேன். நான் அறிவியல் டீச்சர் வேறு. பாலூட்டிகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறவள் சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

பாலையும் தயிரையும் விடுவது ஒன்றும் குற்றமில்லை. அதற்கு ஈடாக மீனோ முட்டையோ பயறோ கீரையோ வயிறாரச் சாப்பிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் வராது. அதுவும் எனக்குத் தெரியும். சொன்னேனா? இல்லை. அவளோ கணக்குப் போடுகிற மாதிரியே பத்தியத்தையும் பிடித்துக்கொண்டாள். மாமியார் பூண்டு போட்டுக் காய்ச்சிக் கொடுத்த பாலை யாரும் பார்க்காத நேரம் கொல்லை வாழை மூட்டில் ஊற்றினாள். தயிர் சேர்த்துக் காய்ச்சிய புளிசேரியைத் தொடவில்லை. எல்லோரும் பால் சாயா குடிக்கும்போது அவள் மட்டும் கட்டன். இரண்டு வாரம் கழித்து வந்து, "எனக்குக் குறையலியே டீச்சர், நான் எங்கயோ தப்பு செய்யியேன்" என்று நின்றாள். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "ராத்திரிச் சோத்தையும் விட்டுப் பாருங்க" என்றேன், பாவி.

குறைந்தாள். பிளவுஸ் ஏறியது. மத்தியானக் குப்பியும் குறைந்தது. மேல் கோடு நடுக்கோடாகி, பிறகு அடியில் மட்டும் கொஞ்சமாக வெளுத்துக் கிடந்தது. வீட்டுக்காரர் அதை வாங்கி ஒரு தரம் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனார். அன்றைக்கு அவள் என்னை நூலக வாசலுக்குத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்கும் இப்பிடி வத்திச்சா டீச்சர்?" என்று கேட்டாள். ஆமா என்று ஒரு சொல் போதும். அவள் என் கையைப் பிடித்து ஒரு பாட்டம் அழுதிருப்பாள், அதற்குப் பிறகு சோறும் தின்றிருப்பாள். "எனக்கா? இல்லியே" என்றேன். பிள்ளைக்கு எடை ஏறவில்லை என்று டாக்டர் சத்தம் போட்டு டப்பா பால் எழுதிக் கொடுத்தார். பத்தியத்தைப் பற்றி அவள் டாக்டரிடம் மூச்சு விடவில்லை. அதே பத்தியத்தில் எனக்குப் பால் வற்றவில்லை என்றால் குறை அவள் உடம்பில்தானே? கணக்கு என்னவோ சரியாகத்தான் போட்டாள். நான் கொடுத்த விடைதான் பொய்.

பிறகு நான் வேறு பள்ளிக்கு மாறிவிட்டேன். சௌகரியமாகப் போயிற்று என்று உள்ளூர நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருஷம் கழித்து, போன மாதம், குழித்துறையில் அந்தத் தங்கச்சியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று கணக்கு டீச்சர் என்னை மறக்காமல் அழைத்திருந்தாள். விருந்து முடிந்து பெண்கள் உட்கார்ந்திருந்த அறையில் என்னைக் கைபிடித்து இழுத்துத் தங்கச்சி பக்கத்தில் உட்கார வைத்தாள். தங்கச்சி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி, தடிச்சிட்டேன் தடிச்சிட்டேன்னு அழுதியே, இந்த டீச்சர்கிட்ட கேளு. பாலை விட்டு, ராத்திரிச் சோத்தையும் விட்டா போதும். எனக்குத்தான் அது கொள்ளாமப் போச்சு. உனக்க உடம்புக்குத் தாங்கும்" என்றாள். அவள் குரலில் எனக்கு நன்றி வேறு. அந்தப் பெண் ஆசையோடு என்னை நிமிர்ந்து பார்த்தது.

"வேண்டாம் மக்கா, வயிறு நெறையத் தின்னு" என்று அவளிடம் சொன்னேன். பிறகு எப்படித்தான் தைரியம் வந்ததோ, டப்பா பால், பட்டினி, ஸ்டாஃப் ரூமில் சொன்ன பொய், நூலக வாசலில் சொன்ன "இல்லியே" எல்லாவற்றையும் கணக்கு டீச்சரின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! அவள் திட்டவில்லை.

"அப்போ சோறு தின்னிருந்தா எனக்குப் பால் இருந்திருக்குமா டீச்சர்?" என்று மட்டும் மெல்லக் கேட்டாள்.

"இருந்திருக்கும்" என்றேன்.

வாசலில் வேறு பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்த மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஒரு தம்பி வேணும்னு அவ எத்தனை தரம் அழுதிருக்கா தெரியுமா? இன்னொண்ணைப் பெத்து அதையும் பட்டினி போடவான்னு, நான்தான் வேண்டாம்னு ஆப்பரேஷன் செஞ்சுக்கிட்டேன்."