வண்டி வராத ரோடு வேண்டும்

சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு மலைமேல் வண்டியே வராத ரோடாகப் பார்த்துத் தேடிக் கொடுப்பது என் தொழில். இதை ஒருத்தருக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் மலையே ஏறிவிடலாம். கஸ்டமருக்கும் மேனேஜருக்கும் நடுவில் நின்று வயிறு வளர்க்கிற அத்தனை பேருக்கும் இதை எழுதுகிறேன். உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

சம்பளம் எதற்கு

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பதினேழு வருஷம் சைக்கிள் கடை வைத்திருந்தேன். வீட்டுக்கு வீடு பைக் வந்தது, கடை படுத்தது. அந்த நேரத்தில் சைக்கிள் டூர் நடத்துகிற சென்னை கம்பெனி ஒன்று ரிப்பேர் வேலைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனது. போகப் போக, ரோடு பார்க்கிற வேலையையும் என் தலையில் கட்டினார்கள்.

வீட்டில் என் மனைவி செல்வியிடம் விவரம் சொன்னேன். டூர் கிளம்புவதற்கு முன்பே ஜவ்வாது மலைக்குப் போக வேண்டும். ஏற்றம் எவ்வளவு, தார் எப்படி, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று எழுத வேண்டும். அப்புறம் ஏதாவது ஒரு வளைவில் காலை ஆறிலிருந்து மதியம் பன்னிரண்டு வரை உட்கார்ந்து, எத்தனை வண்டி போகிறது என்று எண்ண வேண்டும். வண்டி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்ல ரோடு. வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“வண்டி வராத ரோட்டுல குந்திக்கினு வண்டி எண்றதுக்கு சம்பளமா? அந்த மேனேஜருக்கு ஒடம்பு நல்லாத்தான கீது?”

ஒன்பதாவது வளைவு

எங்கள் பக்கம் பூமி தட்டையானது. உத்திரமேரூரில் இருக்கிறதிலேயே பெரிய ஏற்றம் ஏரிக்கரைதான். காஞ்சிபுரத்திலிருந்து வந்த ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், ஒரு மாதம் தினமும் அந்த ஏரிக்கரையில் ஏறி இறங்கி மலைக்குத் தயாரானார். சைக்கிளில் இருபத்திரண்டு கியர். வேட்டி கட்டிப் பழகின மனுஷன், இறுக்கமான கால்சட்டையில் வெட்கப்பட்டுக்கொண்டே நின்றார்.

மலையில் பஸ் போகிற ரோட்டில்தான் அன்றைக்கு ஏறினோம். பின்னால் பஸ், டிப்பர் லாரி, ஜீப் எல்லாம் மாற்றி மாற்றி ஹாரன் அடித்தன. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் பார்த்தால், மனுஷன் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார். கூட வருகிற வேனை ஓட்டுகிறவர் மானாம்பதி முனுசாமி. அவர் வேனைப் பக்கத்தில் நிறுத்தி, ஏறிக்கொள்ளுங்கள் சார் என்றார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு பேங்க் மேனேஜர் சொன்ன பதில்:

“நான் தள்ளலைப்பா. சைக்கிளுக்குத்தான் மூச்சு வாங்குது, துணைக்குக் கூட நடக்கறேன்.”

மூன்றே மூன்று

ஏற்றத்தைப் பற்றி அவர் குறை சொல்லவில்லை. ஹாரன் சத்தத்தில் காது போய்விட்டது என்று மட்டும் கம்பெனிக்கு எழுதினார். அடுத்த சீசனுக்குள் பஸ்ஸே வராத ஏற்றமாக ஒன்று பிடித்துத் தர வேண்டும் என்று எங்கள் கம்பெனி மேனேஜர் உத்தரவு போட்டார். நானும் முனுசாமியும் மலையின் பின்பக்கத்தைச் சல்லடை போட்டுச் சலித்து, கடைசியில் பலாமரத்தூர் ரோட்டைக் கண்டுபிடித்தோம். பதினோரு கிலோமீட்டர், பதினெட்டு வளைவு, இரண்டு பக்கமும் மூங்கில். சில இடத்தில் முன்சக்கரமே தரையை விட்டு எழும்பும். மேலே அந்த ஒரு ஊரோடு ரோடு முடிந்துவிடும்.

ஏழாவது வளைவில் சின்னப் பாலத்துச் சுவர்மேல் நோட்டோடு உட்கார்ந்தேன். ஒரு ஜீப் போனது. பலாப்பழம் கட்டின பைக் ஒன்று போனது. மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்த பைக் ஒன்று இறங்கியது. அவ்வளவுதான். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அந்தப் பைக் போய் அரைமணி கழித்து, கையில் சாப்பாட்டுத் தூக்கோடு ஒரு அம்மா வேகமாக நடந்து இறங்கி வந்தார். பெயர் காசியம்மாள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டார். வண்டி எண்ணுகிறேன் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. எத்தனை என்றார். மூன்றே மூன்று என்று நான் பல்லெல்லாம் தெரியச் சொன்னதும் அந்த முகம் அப்படியே வாடிப்போனது.

“இன்னிக்கு எல்லாரும் வூட்டுல கீறாங்க சார். வியாயக்கெயம வந்து எண்ணுங்க.”

ஒரே பலாப்பழம்

எப்படியும் இரண்டு நாள் எண்ண வேண்டும் என்பது கம்பெனி விதி. அந்த அம்மா சொன்னபடியே வியாழக்கிழமை போய் அதே சுவரில் உட்கார்ந்தேன். ஏழு மணிக்கு ஒரு பைக் வந்தது. பின்னாலேயே நாலு பைக். அப்புறம் ஒரு டிராக்டர், ஆடு ஏற்றின லோடு ஆட்டோ, மறுபடி பைக்குகள். ஒன்பதரைக்குள் முப்பத்தொன்று. போகிறவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பி ஒரு ஹாரன் வேறு அடித்துவிட்டுப் போனார்கள். மூன்று வாரம் அலைந்து பிடித்த ரோடு கண்ணெதிரே போகிறதே என்று நோட்டை மூடிவிட்டேன்.

முனுசாமி மட்டும் வேனில் சாய்ந்துகொண்டு நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வண்டிகளை எண்ணும்போது அவர் மூட்டைமுடிச்சைப் பார்த்திருக்கிறார்.

“அண்ணா, அந்த ஒரே பலாப்பயம் அஞ்சு வாட்டி ஏறி எறங்கிட்ச்சி. இன்னா பேஜாருன்னு கேளு.”

நடுவில் இருந்தவர்

ஆறாவது முறை வந்த பலாப்பழத்தை மடக்கினேன். பைக் ஓட்டி வந்தவர் முதலில் முழித்தார், பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஊருக்கு பஸ் கேட்டு அவர்கள் மனு மேல் மனு கொடுத்திருக்கிறார்கள். அந்த ரோட்டில் போக்குவரத்தே இல்லை, யாருக்காக பஸ் விடுவது, வளைவுகளில் பஸ் திரும்பவும் திரும்பாது என்று கலெக்டர் ஆபீஸிலிருந்து பதில் வந்திருக்கிறது. என்னை அந்த ஆபீஸ் ஆள் என்று நினைத்து, இருக்கிற வண்டியெல்லாம் இறக்கி ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். பெட்ரோலுக்கு ஊரே பங்கு போட்டதாம்.

நான் ஆபீஸ் ஆள் இல்லை என்று சொல்லியாக வேண்டியிருந்தது. சொன்னேன். வண்டி வராத ரோடு தேடுகிறேன் என்பதையும் சொன்னேன். வண்டிகளை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றவர்கள் யாரும் கோபப்படவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. காசியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் கணவர் வேலுவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் கீழே ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். தனியாக உட்கார உடம்பில் தெம்பு இல்லை என்பதால் பைக்கில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் இருந்து அணைத்துப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

“மூணு வண்டின்னு எண்ணினீங்களே, அதுல நடுவுல குந்திக்கினு போனவரு என் வூட்டுக்காரரு சார். நாலாவது ஆளுக்கு எடம் இல்ல, அதான் நான் நடந்து வந்தேன்.”

புதுக் கட்டம்

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். லாரிக்குக் கட்டம் இருக்கிறது, காருக்கு இருக்கிறது, மாட்டு வண்டிக்குக்கூட இருக்கிறது. நடந்து போகிறவர்களுக்குக் கட்டமே இல்லை. ஆறு மணிநேரம் என் காலை உரசிக்கொண்டு போன மனுஷர்களை நான் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. அடுத்த வாரம் சொந்தச் செலவில் போய், ஸ்கேல் வைத்துப் புதுக் கட்டம் ஒன்று போட்டுக்கொண்டு அதே சுவரில் உட்கார்ந்தேன். புளி மூட்டைக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், இடுப்பில் குழந்தையோடு தடுப்பூசிக்குப் போகிறவர்கள். மதியத்துக்குள் அறுபத்து நாலு பேர்.

எங்கள் வேன் நீளமானது. சைக்கிள் கேரியரோடு திரும்புமா என்று பார்க்க, பதினெட்டு வளைவையும் ஏற்கெனவே டேப் பிடித்து அளந்து வைத்திருந்தேன். அந்த அளவுக்கு மினி பஸ்ஸே தாராளமாகத் திரும்பும். அதையும் இந்தக் கணக்கையும் ஒரே தாளில் அழகாக எழுதி, கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குப் போகிற ஊர்க்காரர்களிடம் கொடுத்தேன். கையோடு மேனேஜருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். மறைத்து வைத்துக்கொண்டு தூங்குகிற சாமர்த்தியம் எனக்கு இல்லை. வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். மேனேஜர் சொன்னது இதுதான்:

“எங்ககிட்ட சம்பளம் வாங்கிக்கிட்டு நீங்க பஸ் விடுறீங்களா? சரி, பஸ் வர்றதுக்குள்ள ரெண்டு டூர் முடிச்சுக் கொடுத்துடுங்க.”

ஏழாவது வளைவு

இரண்டு டூர் நல்லபடியாக முடிந்தது. மூன்றாவதில் பேங்க் மேனேஜரும் வந்திருந்தார். அந்தச் செங்குத்தில் இந்த முறை அவர் இறங்காமல் மிதித்தார். மூங்கில் அசைகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. இதுதானப்பா ரோடு என்று அவர் வாயைத் திறக்கவும், மேலேயிருந்து ஹாரன் கேட்கவும் சரியாக இருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் வாங்கியிருப்பீர்கள். ஓடிப்போய் எல்லாரையும் சைக்கிளோடு பாலத்துச் சுவர் ஓரம் நிறுத்தினேன்.

புது மினி பஸ். என் டேப் சொன்ன மாதிரியே வளைவில் ஒரே ஒடிப்பில் திரும்பி, எங்களைப் பார்த்து நின்றது. முன்சீட்டில் மடியில் தூக்கை வைத்துக்கொண்டு காசியம்மாள். பக்கத்தில் ஜன்னல் ஓரம் வேலு, யாரும் பிடிக்காமல், சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வியர்வையைத் துடைப்பது போலத் துண்டை எடுத்தேன். அந்த மனுஷன் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, எங்கள் சைக்கிள்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, ரொம்பக் கண்டிப்பாகச் சொன்னார்:

“ஓரமா போங்க சார். பஸ்சு வர்ற ரோடு இது.”

ஆக, வண்டி வராத ரோடு தேடுகிற இந்த உத்தியோகத்தில் நான் கண்டுபிடித்ததிலேயே அருமையான ரோட்டை என் கையாலேயே லிஸ்டிலிருந்து அடித்தேன், அன்றைக்குக் கோடு மட்டும் ஸ்கேல் இல்லாமலே நேராக வந்தது.