கார் வெடித்தால் யார் ஓடி வருவார்கள்

பிள்ளைகளா, இன்று காலை இருக்கன்குடி கோயிலுக்குக் கிளம்பும்போது நம் பழைய காரின் புகைக்குழாய் ‘டமார்’ என்று வெடித்ததும் நீங்கள் சிரித்தீர்கள். பக்கத்து வீட்டுச் செல்வி அத்தை வாசலுக்கு ஓடி வந்ததைப் பார்த்தீர்களா? அவர் வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறார்.

அப்போது வந்த பெட்ரோல் வாடை என்னைச் சின்ன வயதுக்கு இழுத்துப் போய்விட்டது. எங்கள் தெருவில் மாரியப்பன் மாமாவின் அம்பாசிடரும் இப்படித்தான் வெடிக்கும். உடனே பெண்கள் வெளியே வந்து, ஊர்ப் பட்டாசுக் கம்பெனிப் பக்கம் புகை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஒருநாள் என் அம்மா மாவுக் கையோடு ஓடி வந்தார். அப்பா அந்தக் கம்பெனியில்தான் வெடிமருந்து கலந்துகொண்டிருந்தார்.

“அண்ணே, ஒங்க காரு இருமுனா எங்களுக்கு உசுரு போயி வருது” என்றார் அம்மா.

“காருக்குள்ள என்ன, மருந்தா இருக்கு தாயி?” என்று சிரித்த மாமா, அம்மாவின் மாவுக் கையைப் பார்த்ததும் பானட்டைத் திறந்தார். எஞ்சினை ஓடவிட்டு, பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்புரேட்டர் ஸ்க்ரூவை மெல்ல மெல்லத் திருகினார். பெண்கள் சுற்றி நின்று காது கொடுத்தார்கள்.

“இன்னும் விக்குதுண்ணே.”

“இந்தா, இப்பத்தான் சீரா ஓடுது.”

அவர்கள் சொன்ன பிறகே மாமா பானட்டை மூடினார்.

அதனால்தான் கோயிலுக்கு நேரமானாலும் நானும் இன்று திருப்புளியை எடுத்தேன். “அக்கா, நம்ம காருதான், பயப்படாதீக” என்று செல்வி அத்தையிடம் சொன்னேன்.

“தெரியுது தம்பி. இருந்தாலும் கம்பெனி ஆபீசுக்கு ஒருவாட்டி போன் போட்டுக்கிடுதேன்.”

இன்னொரு தடவை வெடித்துவிடக் கூடாதே என்று, அவர் பேசி முடிக்கிற வரை நான் எஞ்சினைத் தொடவில்லை.