ராஜையனுக்கு எத்தனை வெற்றி

செய்தி வந்தபோது காலை ஆறு ஐம்பது. ரோஸ் புட்டுக்குடத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு ஆவி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் ஷிஜு, அவள் கணவர் ராஜையன் வேலை பார்க்கும் உடற்பயிற்சிக் கூடத்தின் முதலாளி. "சேச்சி, அண்ணன் வீணு" என்றான். மலையாளத்தில் அதற்கு விழுந்துவிட்டார் என்று பொருள்.

வேறு யாருடைய மனைவியாக இருந்தாலும் அந்த இடத்தில் ஓர் அலறல் வந்திருக்கும். ரோஸ் இருபது வருடம் ஒரு குத்துச்சண்டைக்காரரோடு குடும்பம் நடத்தியவள். விழுவது அவர் தொழிலில் சாதாரண சங்கதி. பதினான்கு சண்டைகளில் அவர் ஏழெட்டு முறை விழுந்திருக்கிறார். நடுவர் பத்து எண்ணி முடிக்கும்வரை ஒருமுறைகூடத் தரையில் கிடந்ததில்லை. அதனால் அவள் கேட்டது ஒன்றுதான். "எழும்பிட்டாரா?"

ஷிஜுவுக்குப் பின்னால் யாரோ ஆம்புலன்ஸ் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று கேட்டார்கள். ஆவி வந்துவிட்டது. ரோஸ் அடுப்பை அணைத்தாள்.

இதயம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நாற்பத்தாறு வயது, தினமும் எட்டு கிலோமீட்டர் ஓடுகிற ஆள், சிகரெட் கிடையாது, குடி கிடையாது. இதையெல்லாம் கேட்ட டாக்டர், இதில் எதுவும் தன் தவறல்ல என்பதுபோல் தலையசைத்தார்.

மறுநாள் புதன்கிழமை மூன்று மணிக்குத் திருவனந்தபுரம் நேமத்தில் அவர்கள் தமிழ்ச் சபையின் கோயிலில் அடக்க ஆராதனை. அதில் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பது சபை வழக்கம். ஒரே பக்கம்தான். பிறப்பு, ஞானஸ்நானம், படிப்பு, வேலை, கல்யாணம், குணநலன். அங்கே இதுவரை வாசித்த குறிப்புகளை நம்புவதானால் நேமத்துக்கும் பாறசாலைக்கும் இடையில் கோபக்காரர் எவரும் செத்ததில்லை, வட்டிக்கு விட்டவர் எவரும் செத்ததில்லை, மருமகளோடு பேசாதவர் எவரும் செத்ததில்லை.

ராஜையனுடைய குறிப்பை எழுத ரோஸின் தம்பி அனூப் முன்வந்தான். பாறசாலையில் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறான். செத்தவர்களைப் பற்றிப் பெரிய எழுத்தில் எழுதிப் பழக்கம் உண்டு. ஆனால் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். புதன்கிழமை காலையில் அவன் எழுதிக் கொண்டுவந்த தாளைப் போதகர் முதலில் வாங்கிப் பார்த்தார். போதகர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன வருடம்தான் மாற்றலாகி வந்தவர். "தொழில், குத்துச்சண்டைப் பரிசீலகர்" என்று வாசித்துவிட்டு, "எதைப் பரிசீலிச்சாரு?" என்று மரியாதையாகக் கேட்டார்.

பயிற்சி கொடுப்பவருக்கு மலையாளத்தில் அதுதான் சொல். தமிழில் ஒரு ஃபைலை நகர்த்தாமல் வைத்திருக்கும்போது ஆபீஸில் சொல்கிற சொல். கண்ணீர் வற்றிப்போய் உட்கார்ந்திருந்த ரோஸுக்கு அப்போது சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது. அவள் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவள், தமிழ் எம்.ஏ. பேனாவை எடுத்துப் பரிசீலகரை அடித்துப் பயிற்சியாளர் என்று எழுதினாள். எழுதும்போதே, அனூப் சொன்னதிலும் பெரிய பிழை இல்லையே என்று தோன்றியது. இவர் வாழ்க்கை பாதியும் பரிசீலனையில்தானே போயிற்று.

ராஜையனுக்கு வீடு களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், அதாவது தமிழ்நாடு. பதினேழு வயதில் குத்துச்சண்டை பழகியது திருவனந்தபுரத்தில், அதாவது கேரளம். மாநில அளவில் வெண்கலம் வாங்கினார். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போட்டபோது இங்கே உள்ளவர்கள் ரேஷன் கார்டைப் பார்த்து, நீங்கள் அந்தப் பக்கத்து ஆள் என்றார்கள். அந்தப் பக்கத்தவர்கள் மெடலைப் பார்த்து, நீங்கள் கேரளத்து வீரர் என்றார்கள். இரண்டு பேரும் அவரை மற்றவருக்கே விட்டுக்கொடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் நாகேஸ்வரன் என்பவரின் இரும்புக் கடையில் கம்பிக் கட்டுத் தூக்கினார். கட்டின் மறுமுனையைப் பிடிப்பவன் தள்ளாடினாலும் இவர் முனை ஆடாது என்று அங்கே அவருக்கு ஒரு பெயர் இருந்தது.

முப்பத்திரண்டு வயதில், மற்றவர்கள் கையுறையைக் கழற்றுகிற வயதில், தொழில்முறைச் சண்டைக்குப் போனார். கல்யாண மண்டபங்களிலும் மால்களிலும் விளக்குப் போட்டு, பாட்டுப் போட்டு நடத்துகிற சண்டைகள் அப்போது தென்னாட்டில் ஆரம்பித்திருந்தன. அவற்றில் உள்ளூர் நட்சத்திரம் ஒருவர் இருப்பார். அவருக்கு எதிரே நிற்க ஒரு ஆள் வேண்டும். வியாழக்கிழமை போன் பண்ணினால் சனிக்கிழமை வந்து சேரவேண்டும், எடை சரியாக இருக்கவேண்டும், ஆறு ரவுண்டும் நின்று அடி வாங்கவேண்டும், முதல் ரவுண்டிலேயே படுத்து டிக்கெட் எடுத்தவர்களை ஏமாற்றக் கூடாது. இந்தத் தகுதிகள் எல்லாம் ஒருவரிடமே சேர்ந்திருப்பது அபூர்வம். ராஜையனைத் தோற்கச் சொல்லி யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை கண் வீங்கிக் கடைக்கு வருவார். "மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிட்டு நில்லும்வே, சரக்கெடுக்க வந்தவன் பயந்து ஓடிருவான்" என்பார் நாகேஸ்வரன். அன்று முழுக்க அவரைக் கடையின் பின்பக்கக் கிட்டங்கியில் போட்டுவிடுவார். வீட்டில் ரோஸ் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்பாள். "முடிஞ்சு" என்பார். அதற்கு மேல் பேச்சு இல்லை. தோற்றுவிட்டேன் என்று தனியாகச் சொல்வதற்கு அதில் என்ன புதுமை இருக்கிறது.

மூன்று முறை ஜெயித்தார். ஒன்று கொச்சியில், பாயிண்டில். இன்னொன்று எதிராளி தலையால் முட்டியதற்காக அவனை வெளியேற்றியதால் வந்தது. மூன்றாவது கோயம்புத்தூரில். போட்டி நடத்துகிறவரின் அக்காள் மகன்தான் அன்றைய நட்சத்திரம். நான்காவது ரவுண்டில் அந்தப் பையன் ராஜையனின் நெற்றியில் ஓங்கிக் குத்தி, தன் கையை முறித்துக்கொண்டான். ராஜையன் கையை நடுவர் தூக்கிப் பிடித்தபோது மண்டபத்தில் பாதிப் பேர் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். இவர் நேரே பையனின் மூலைக்குப் போய்ச் சங்கடத்தோடு நின்றாராம், விருந்துக்குப் போன இடத்தில் பாத்திரத்தை உடைத்தவர்போல.

அதோடு போன் நின்றுவிட்டது. ஆறு மாதம் அவர் ஓடினார், எடையைக் காத்தார், காத்திருந்தார். கடைசியில் ரோஸ் நச்சரித்ததால் போட்டி நடத்துகிறவரைத் தானே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அவளும் கேட்டாள். "அண்ணா, நீங்க ஜெயிக்கிற ஆளாயிட்டீங்க. இனி உங்களுக்கு எதுக்கால யாரப் போடறதுங்க?" என்றது மறுமுனை. தோற்றுத் தோற்று ஏழு வருடம் ஓட்டிய தொழிலை ஒரே ஒரு வெற்றி முடித்து வைத்தது.

அப்படித்தான் ஷிஜுவிடம் போனார். அட்டக்குளங்கரையில் ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடி. "சாம்பியனிடம் பாக்ஸிங் படியுங்கள்" என்று ஷிஜு போர்டு வைத்தான். ராஜையன் அதற்கடியில் நின்று உள்ளே வரமாட்டேன் என்றார். ஒரு வாரம் பேசி, சாம்பியன் போய் ப்ரோ பாக்ஸர் வந்தது. படிக்க வந்தவர்கள் யாரும் சண்டைக்காரர் ஆகப்போகிறவர்கள் அல்ல. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள், ஒரு பல் டாக்டர், விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், எலும்பு தேய்கிறது என்று டாக்டர் அனுப்பிய கோட்டைப் பக்கத்து மாமி ஒருவர். ராஜையன் இரண்டு கையிலும் குத்து வாங்கும் தோல் பேட்களை மாட்டிக்கொண்டு நிற்பார்; அவர்கள் வரிசையாக வந்து குத்துவார்கள். மேடையை விட்டு இறங்கி வந்த பிறகும் அவர் வேலை என்னவோ அதேதான். இப்போது அடிப்பவர்கள் அடித்துவிட்டு "தேங்க்யூ மாஸ்டர்" என்றார்கள், அவ்வளவு வித்தியாசம்.

புதன்கிழமை காலைக்கு வருவோம். அனூப்பின் தாளில் இன்னொரு வரி இருந்தது. பதினான்கு போட்டிகளில் நான்கில் வெற்றி கண்ட சாம்பியன். சாம்பியனை ரோஸ் உடனே அடித்துவிட்டாள். நான்கு என்ற இடத்தில் பேனா நின்றது.

நான்கு என்று சொல்வது இணையத்தில் உள்ள ஒரு பக்கம். உலகத்துக் குத்துச்சண்டைக்காரர்கள் எல்லோருடைய வெற்றி தோல்வியும் அதில் உண்டு. மங்களூரில் கண்ணூர்க்காரன் வினீத் என்ற பையனிடம் ராஜையன் பாயிண்டில் தோற்ற சண்டையை யாரோ பெயர் மாற்றி ஏற்றிவிட்டார்கள். வினீத்தின் வெற்றி இவர் பெயரில் கிடந்தது. ஒரு வருடத்துக்கு முன்னால் மாணவர் ஒருவர் காட்டித்தான் ராஜையனுக்கே தெரிந்தது. அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் ரோஸிடம் சொன்னார்.

"அந்தப் பயலுக்க ஜெயத்த நான் வச்சிருக்கேன் ரோசே. திருப்பிக் குடுக்கண்டாமா? நீ இங்கிலீஷ்ல ஒரு மெயில் எழுதிப் போடு."

"ஜெயிச்சதக் கொறைக்கணும்னு ஆராவது எழுதுவாவளா? நாளைக்குப் பாப்போம்."

நாளை மூன்று முறை வந்தது. மூன்று முறையும் அவள் தட்டிக் கழித்தாள். நேரமில்லை என்று அவரிடம் சொன்னாள். அவளுக்கு அந்த நான்கு பிடித்திருந்தது. பதினொரு முறை ஐஸ் கட்டி சுற்றிக் கொடுத்தவளுக்கு எவனோ ஒருவன் தவறுதலாகக் கொடுத்த ஒரு வெற்றி. அதை அவள் கையாலேயே எழுதி ஒப்படைக்க வேண்டுமாம்.

"அக்கா, நாமளா இட்டுக்கட்டிச் சொல்லுகோம்? நெட்டுல கெடக்கு" என்று அனூப் போனை நீட்டினான். "அத்தானுக்க பேருக்கு நேரா அவனுவளே நாலுன்னு போட்டிருக்கானுவ. கோயில்ல இருக்கப்பட்டவங்களுக்கு மூணும் நாலும் என்ன தெரியும்?"

அது உண்மைதான். ரோஸ் நான்கை அடிக்காமல் தாளை மடித்தாள்.

பதினொரு மணிக்குக் கோட்டையிலிருந்து அந்த மாமி வந்தார். விஜயலக்ஷ்மி, ஐம்பத்தெட்டு வயது, பாங்கிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். ரோஸின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். குத்திக் குத்தி விரல் முட்டியில் தோல் காய்த்துப்போயிருந்தது மாமியின் கை. பிறகு தானாகவே ஆரம்பித்தார்.

"மொதல் நாளே சொல்லிட்டாராக்கும். 'மாமி, நான் பதினாலு சண்டை போட்டேன். மூணு ஜெயிச்சேன், பதினொண்ணு தோத்தேன். அந்த மூணுல ஒண்ணு எதிராளி முட்டினதால கெடச்சது. வேற மாஸ்டர் வேணும்னா இப்பவே சொல்லிடுங்கோ'ன்னு. நான் பாங்க்ல முப்பத்திரண்டு வருஷம் இருந்தேன், ரோஸ். கஸ்டமர்கிட்ட இப்படிப் பேசற ஒரு மனுஷனைப் பாத்ததில்லே."

"உங்ககிட்ட மட்டுமா மாமி?"

"எல்லார்ட்டயும்தான். புதுசா யார் வந்தாலும் மொதல்ல இதுதான். நாங்க கேலி பண்ணிண்டே இருப்போம், மாஸ்டர், இன்னிக்கு ஸ்கோர் என்னன்னு. அப்பவும் அதையே சொல்வார், சிரிக்காம."

கதவோரம் நின்ற அனூப் தொண்டையைச் செருமினான். "மூணு மணிக்குக் கோயிலுக்கு அவங்கள்லாம் வருவாங்களா?"

"பதினேழு பேர். ஷிஜு வேன் ஏற்பாடு பண்ணியிருக்கான்."

அனூப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ரோஸ் மடித்த தாளைப் பிரித்தாள். நான்கை அடித்து மூன்று என்று எழுதினாள். அதோடு விட்டிருக்கலாம், பக்கத்தில் பதினொரு தோல்வி என்றும் சேர்த்தாள். உண்மைக்காக எழுதினாளா, வேனில் வரப்போகிற பதினேழு பேருக்குப் பயந்து எழுதினாளா என்று கேட்டால் அவளால் இன்றும் சொல்ல முடியாது. இவ்வளவு காலமும் அவர் வீட்டில் 'முடிஞ்சு' என்று ஒரே சொல்லில் முடித்ததை, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் எண்ணிச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார் என்பதுதான் அவள் நெஞ்சில் தைத்தது.

மூன்று மணிக்குக் கோயில் நிறைந்தது. எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று தெரியாத பதினேழு பேர் நடுவரிசையில் இருந்தார்கள். முன்னால் இருப்பவர்களைப் பார்த்து ஒரு நொடி பிந்தி எழுந்தார்கள், ஒரு நொடி பிந்தி உட்கார்ந்தார்கள். போதகர் குறிப்பை வாசித்தார். பிறப்பு, ஞானஸ்நானம், வெண்கலப் பதக்கம். "பதினான்கு போட்டிகளில் மூன்று வெற்றி, பதினொரு தோல்வி." அந்த இடத்தில் நிறுத்தினார். அந்தப் பீடத்திலிருந்து தோல்வி என்ற சொல்லை இதற்கு முன் எந்தக் குறிப்பிலும் வாசித்ததில்லை. ஆனாலும் என்று தொடங்கும் வரி ஏதாவது இருக்குமென்று தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. நடுவரிசையில் யாரோ மெதுவாக "கரெக்ட்" என்றார்கள். ரோஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அவள் மெயிலை எழுத உட்கார்ந்தாள். இறந்துபோன என் கணவரின் கணக்கில் ஒரு வெற்றி கூடுதலாக உள்ளது, அது வினீத் என்பவருக்கு உரியது, தயவுசெய்து மாற்றிக் கொடுங்கள். ஐந்து வரிதான், இங்கிலீஷும் சரியாகவே வந்தது. ஆதாரம் இணைக்கச் சொல்கிறார்கள். மங்களூரில் நீதிபதிகள் மூவரும் கையெழுத்திட்டுக் கொடுத்த முடிவுத் தாள் பீரோவில், அவர் சட்டைகளுக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. அதைப் போட்டோ எடுத்துச் சேர்க்க வேண்டும். இரண்டு மாதமாகிறது. இன்னும் எடுக்கவில்லை.